சுவரைப் பார்த்துப் பேசினாள் சத்யபிரியா

ராசிபுரத்தில் பதினோராம் வகுப்பு படிக்கும் சத்யபிரியாவுக்கு ஆட்டிசம் இருப்பது ஒன்பது வயதிலேயே தெரியும். பள்ளியில்தான் யாரும் நம்பவில்லை. மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கவும் பேசுகிறவர் கண்ணைப் பார்க்கவும் பழகி வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் யூனிபாரத்தோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். ஆடி மாதத்துக்குப் பிறகு சாப்பாடு குறைந்தது. குளிப்பதும் நின்றது. சொந்தக்காரர்கள் சோம்பேறித்தனம் என்றார்கள்.

ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கும் அவள் அம்மா வசந்தாமணி லீவு போட்டுச் சேலத்துக்குக் கூட்டிப்போனாள். மனச்சோர்வு என்றார் மருத்துவர். மாத்திரை எழுதினார். ஒரு பள்ளி நாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் காலை முதல் படுக்கும் வரை நான்கு தடவை எச்சில் எடுத்து வரச் சொன்னார். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது எச்சிலில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும்; காலையில் கூடுதலாக இருந்தாலும் சாயங்காலத்துக்குள் அது இறங்கிவிட வேண்டும். ஞாயிறன்று இறங்கியிருந்தது. பள்ளி நாளில் படுக்கும் வரை இறங்கவே இல்லை. இதை மட்டும் வைத்து மனச்சோர்வு என்று சொல்ல முடியாது, ஆனால் பள்ளி அவளைப் பாடாய்ப் படுத்துவது தெரிகிறது என்றார்.

அந்தப் பரிசோதனை முடிவுத் தாளோடு தாயும் மகளும் தலைமையாசிரியை அமுதவல்லியைப் பார்த்தார்கள். மதியம் கூச்சலில்லாத நூலகத்தில் சாப்பிட வேண்டும், பிரேயரில் நிற்காமல் நேரே வகுப்புக்குப் போக வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அமுதவல்லி தாளை இரண்டு முறை படித்தார். முன்னமே சொல்லியிருக்கலாமே என்றார். முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னார்.

சத்யபிரியா அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"மூஞ்சியப் பாத்தா நீங்க பேசறது எனக்குக் காதுல ஏறாதுங்க. இனிமே செவுத்தப் பாத்துத்தான் பேசுவேன். ஆறு மாசமா முடியலைன்னு நான் சொன்னப்ப யாரும் நம்பலைங்க. எச்சி சொன்னா நம்பறீங்க."

வசந்தாமணி அவள் கையைப் பிடித்து அடக்கப் போனாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள், முடியாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்றார் அமுதவல்லி.

"டி.சி. வேண்டாங்க. நாளைக்கு வாரேன். லைப்ரரிலதான் சாப்பிடுவேன்."

மறுநாள் போனாள். வெளியே அனுப்பினார்கள். மூன்று நாள் நூலக வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நான்காம் நாள் நூலகர் கதவைத் திறந்துவிட்டார். பிரேயருக்கு மட்டும் இன்றுவரை அனுமதி இல்லை. அது முடிந்த பிறகே பள்ளிக்குள் நுழைகிறாள். தினமும் லேட் என்று எழுதுகிறார்கள், எழுதட்டும் என்கிறாள்.

மனச்சோர்வு முழுதாகப் போய்விடவில்லை. எழுந்திருக்க முடியாத காலைகள் இன்னும் உண்டு. அந்த நாட்களில் லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுத அவள் விடுவதில்லை. மனச்சோர்வு என்றே எழுதி வசந்தாமணி கையெழுத்துப் போடுகிறாள்.