முழங்கால் தண்ணீரில் ஒரு கூட்டம்

"அந்தக் கரை போயிடுச்சு, வீணா அலையாதீங்க" என்று என் முந்தைய பதிவின் கீழ் ஒருவர் எழுதியிருந்தார். பாலிக் புலாவ் பக்கம் கூட்டமில்லாத கடற்கரை உண்டா என்று கேட்டவருக்கான பதில் அது. எவ்வளவு போயிருக்கிறது என்று நேரில் பார்க்கத்தான், போன மாதம் பௌர்ணமிக்கு மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஜார்ஜ் டவுன் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், காலை ஒன்பதரைக்குப் பேருந்து. பாலிக் புலாவ் சந்தைக்குப் போக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மலை வளைவுகள் அதிகம், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்னால் உட்காருங்கள். அங்கிருந்து கரைக்கு ஆறு கிலோமீட்டர், வாடகைக் காருக்குப் பன்னிரண்டு வெள்ளி. ஓட்டுநர் செல்வம் அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஜாலான் முடியிற இடம் வரைக்கும்தான் காடி போகும்லா. மிச்சத்தைக் கடல் தின்னுடுச்சு."

அப்படித்தான் இருந்தது. தார்ச் சாலை உடைந்து தண்ணீருக்கு மேல் தொங்கியது. தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வலப்பக்கம் ஒரு தங்கும் விடுதிக்கு முன்னால் மட்டும் கருங்கல் தடுப்பு. அது முடிகிற இடத்தில் அலை திரும்பி, பக்கத்து மண்ணை அரைவட்டமாகக் கடித்திருந்தது. அந்தக் கடியின் விளிம்பில் சுபைதா அக்காவின் மீ கோரெங் நூடுல்ஸ் கடை.

கடையை மூன்று முறை பின்னால் நகர்த்தியாகிவிட்டது. மீனவர்கள் சேர்ந்து தூக்கி வைத்தார்களாம். இனி நகர்ந்தால் சாக்கடைதான். காலி செய்யச் சொல்ல வந்த அதிகாரியிடம், "கல்லு போடுறவங்களைக் கூட்டிட்டு வா, பேசலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் அக்கா. அந்தப் பேச்சுதான் அன்று மதியம்.

அக்கா நாற்காலி போட்ட இடத்தைப் பார்த்துத் திகைத்தேன். கடை முதன்முதலில் நின்ற இடம். பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் தண்ணீரில். மீனவர்கள் உட்கார்ந்தாயிற்று, கடலும் ஏறிக்கொண்டிருந்தது.

கல் போடும் வேலையின் பொறியாளர் குமார், பட்டர்வொர்த்துக்காரர், தேய்த்த கால்சட்டையோடு வந்தார். "அக்கா, மேல உட்கார்ந்து பேசலாமே."

"இது என் கடை இருந்த இடம் தம்பி. இங்கதான் பேசணும்."

குமார் காலணியைக் கழற்றி, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். கல் பாதியில் நிற்பதால்தான் இங்கே அரிக்கிறது என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். "ஆனா எங்களுக்குக் குடுத்த வேலை விடுதி எல்லை வரைக்கும்தான்கா."

"கடல் என்ன, எல்லைக்கல்லைப் பார்த்தா வருது?"

தண்ணீர் முழங்காலுக்கு வந்தும், நான் உட்பட யாரும் எழவில்லை. கல்லை ஆற்று முகத்துவாரம் வரை நீட்டுங்கள், படகு வர வழி விடுங்கள், பின்னால் அலையாத்திக் கன்று நடுங்கள். அவர்கள் கேட்டது அவ்வளவுதான். குமார் நனைந்த வரைபடத்தில் பேனாவால் கோட்டை நீட்டினார். மேலிடம் சம்மதிக்கும் என்று வாக்குத் தர முடியாது என்றார்.

"அப்ப மேலிடத்தையும் கூட்டிட்டு வாங்க. நாற்காலி நிறைய இருக்கு."

திரும்பும்போது என் ஈரக் கால்சட்டையைப் பேருந்தில் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

நேற்று அக்காவுக்கு ஃபோன் செய்தேன். மேலிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. இவர்கள் காத்திருக்கவும் இல்லை. அலை குறைந்த முகத்துவாரச் சேற்றில் வரும் ஞாயிறு கன்று நடப்போகிறார்கள்.

பரிதாபப்பட்டுப் படம் எடுக்க மட்டும் போகாதீர்கள். கடல் இறங்கியதும், காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பம். பழைய துணி உடுத்தி வாருங்கள், சேறு தொடை வரை ஏறும். மண்வெட்டி அங்கேயே இருக்கிறது.