பேர் விட்டுப்போன ஸ்தோத்திரச் சீட்டு

தச்சநல்லூரில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் தம்பி ஜெபராஜ் போன் செய்தான். "அண்ணே, ஞானம் அக்கா போயிட்டாவ. காலைல நெஞ்சு வலிக்குன்னாவளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றான். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி எனக்குப் போன் செய்கிறான் என்பதே அக்கா செய்த வேலைதான். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நம் சபை ஞானம் அக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். வாரம் முழுக்கத் தையல் கடை, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல். நன்மை பெற்றவர்கள் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரச் சீட்டு எழுதிக் கொடுப்பது நம் சபை வழக்கம். அவற்றை வாங்கி, குண்டூசியால் சேர்த்துக் குத்தி, ஆராதனையில் வாசிப்பவர் அக்கா. வாங்கும்போதே படித்துப் பார்ப்பார். 'சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்' என்றிருந்தால் போச்சு. "சகலமும்னா எது? அளவு கொடுக்காம, எல்லாத்தையும் நல்லா தைங்கன்னு சொன்னா நான் எதை வச்சு வெட்ட?" என்று திருப்பித் தந்துவிடுவார். மகனின் வெளிநாட்டு வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்த அண்ணாச்சியிடம், "இது ஸ்தோத்திரமா, நோட்டீஸா?" என்று கேட்டார். குருவானவர் எழுதிய சீட்டே ஒருமுறை அவரிடம் திரும்பிப் போனது.

என் முறையும் வந்தது. எனக்கும் ஜெபராஜுக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுச்சுவர் விஷயத்தில் சண்டை போட்டு எட்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்த அன்று காலை எங்கள் வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். என் மனைவி இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் கிடந்தாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஜெபராஜ் அந்தச் சுவரையே ஏறிக் குதித்து வந்தான். "அண்ணி, கழுத்தைப் பிடிச்சுக்கிடுங்க" என்று அவளை முதுகில் தூக்கிக்கொண்டான். அவன் சட்டையைப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். பள்ளிக்கூட மாடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அவனுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. என்ன பிறவியோ நான்!

தண்ணீர் வடிந்த பின் வந்த முதல் ஞாயிறு, 'வெள்ளத்தினின்று எங்களைக் காத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று எழுதி நீட்டினேன். வாங்கிக் குத்திக்கொண்டே படித்த அக்கா, குண்டூசியை உருவினார்.

"ஏ சாமுவேலு, தண்ணிக்குள்ள வந்தது யாரு?"

"ஸ்தோத்திரம் கர்த்தருக்குத்தானக்கா? மனுசன் பேரு எதுக்கு?"

"அவரு அனுப்புன ஆளை மறைச்சிட்டு அவருக்கே நன்றி சொல்லுதியாக்கும்? தம்பிக்கு நன்றி சொல்ல வாய் வரல, அதுக்கு ஆண்டவரு ஒரு சாக்கு. இதை நான் வாசிக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர் யார் என் விசுவாசத்தை அளந்து பார்க்க? இரண்டு வாரம் கோயில் பக்கமே போகவில்லை. மூன்றாம் ஞாயிறு காலை மனைவிதான் படுக்கையிலிருந்து கேட்டாள்: "என்னைத் தூக்கிட்டு வந்தது நீங்களா?" புதுச் சீட்டு எடுத்தேன். 'என் மனைவியைச் சுமந்து காப்பாற்றிய தம்பி ஜெபராஜுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.'

அக்கா அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். கடைசி பெஞ்சில் ஜெபராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணிக்கு இடுப்பு இப்ப எப்படி இருக்கு?" என்றான். எட்டு வருடத்துக்குப் பின் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா எங்களைப் பார்க்காததுபோல் பெஞ்சுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

தம்பி பேர் இல்லாததால் அக்கா திருப்பித் தந்த அந்த முதல் சீட்டு, இரண்டு குண்டூசித் துளையோடு, என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. யாருக்காவது நன்றி சொல்ல மனம் முரண்டு பிடிக்கும்போது எடுத்துப் பார்க்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, 'ஞானம் அக்காவுக்காக ஸ்தோத்திரம்' என்று எழுதினேன். "எதுக்காம்? தெளிவா எழுது" என்று அக்கா கேட்பதுபோலிருந்தது. 'என் தம்பியை எனக்குத் திருப்பித் தந்ததற்காக' என்று சேர்த்தேன். குருவானவர் வாசித்தார். அக்கா இருந்த நாளில் ஒரு வாரம்கூட இதை நான் எழுதிக் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால், தன் பேரைத் தானே வாசிக்க மாட்டேன் என்று அதையும் திருப்பித் தந்திருப்பார். தந்திருக்கட்டுமே. நான் கொடுத்திருக்க வேண்டும்.