பதின்மூன்று லிட்டர் குடம்

கல்யாணமாகாத பையன்களுக்கு ஈஜிபுராவில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கும் என் அறைத்தோழனுக்கும் இடம் கொடுத்த ஓனரம்மா இரண்டே நிபந்தனைகள் வைத்தார். குடி கூடாது. தொட்டியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், அவரவர் சொந்தக் குடத்தில், வீட்டுக்குப் பத்துக் குடம் தண்ணீர்தான்.

நான் அப்போது ஒரு மென்பொருள் கம்பெனியில் கேலனை லிட்டராக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. ஒன்றுக்கு மற்றதைப் போட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். பத்துக் குடம் சரி, எந்தக் குடம்? மாடி வீட்டுக்காரர்களின் குடம் எங்களுடையதைவிடக் கொழுத்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"இனிமே லிட்டர் கணக்கு வெச்சுக்கலாம்மா" என்றேன் ஓனரம்மாவிடம்.

"அளந்து காட்டுப்பா, பாக்கலாம்."

எங்களிடம் அளவு தெரிந்த பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. லேபிளைச் சுரண்டிவிட்டு எடுத்து வந்தேன். அறைத்தோழன் கண்ணால் என்னவோ சொன்னான், நான் கவனிக்கவில்லை.

"ஒரு பாட்டில் அறுநூத்தம்பது மில்லிம்மா" என்று ஆரம்பித்தேன். எங்கள் குடம் இருபது பாட்டில், பதின்மூன்று லிட்டர். மாடிக் குடம் இருபத்தைந்து பாட்டில், பதினாறேகால். பத்துக் குடத்துக்கு முப்பத்திரண்டரை லிட்டர் எங்களுக்கு நஷ்டம்.

"நியாயந்தான். லிட்டர்லயே எடுத்துக்குங்க" என்ற ஓனரம்மா, பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஸ்வல்ப இரு. இதுல ஒண்ணும் எழுதலியே. அறுநூத்தம்பதுன்னு உனக்கு எப்பிடிப்பா தெரியும்?"

அறைத்தோழன் காப்பாற்ற வந்தான். "அது பினாயில் பாட்டிலும்மா."

"பினாயில் பாட்டில்லயா குடிக்கிற தண்ணிய அளந்தீங்க?"

"ஐயோ, இல்லம்மா. பீர் பாட்டில்தான்" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

அவர் நேராக எங்கள் அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். நிதானமாக எண்ணினார். பதினொன்று இருந்தன.

"இது எத்தனை லிட்டர்ப்பா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உங்க கையில இருக்கறதையும் சேத்தாம்மா?" என்று கேட்டேன்.

அந்த மாதமே எங்கள் பதின்மூன்று லிட்டர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு தேடி அலைந்தோம்.