ஏழாவது இன்னிங்ஸில் எண்ணப்பட்ட டோரிஸ்

டோரிஸ் நோவாட்னி. பிறப்பு: 1928 மார்ச் 9, விஸ்கான்சின் மாநிலம், பெல்டன். பணி: சீஸ் ஆலையில் எடை பார்ப்பவர், முப்பத்தொரு ஆண்டுகள். திருமணம்: 1953, யூஜின் நோவாட்னியுடன். பிள்ளைகள் இருவர். பெல்டன் மஸ்கீஸ் பேஸ்பால் அணியின் ரசிகர் சங்கச் செயலாளர், 1961 முதல். இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்ச்சி 1986 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது.

யூஜின் தெற்கே அறுபது மைல் தள்ளி இல்லினாய் மாநிலத்தின் கார்வெல் ஊரில் பிறந்தவர். திருமணமாகி பெல்டனுக்கு வந்தபோது அவர் கொண்டுவந்தவை ஒரு கருவிப்பெட்டி, இரண்டு கோட்டுகள், கார்வெல் ஹார்னெட்ஸ் அணியின் மீது தீராத பற்று. டோரிஸின் தந்தை மாப்பிள்ளையிடம் வேலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ கேட்கவில்லை.

"உங்க டீம் எந்த லீக்?"

"பிரெய்ரி லீகுங்க."

"நாங்க ஏரி லீக். அப்ப சரி."

அந்த ஒரு வினாவில்தான் முப்பத்து மூன்று ஆண்டு இல்லறம் நிலைத்து நின்றது. வெவ்வேறு லீக்கில் ஆடும் அணிகள் பருவம் முழுக்க ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஆகவே அவ்வீட்டில் இரண்டு அணிகளும் ஒரே நாளில் வெல்லலாம். ஒரே நாளில் தோற்றால் இருவரும் சேர்ந்தே துக்கம் காக்கலாம். விதிவிலக்கு ஒன்று மட்டும் உண்டு. 1958-இல் ஏதோ ஒரு தேவாலயத்தின் கூரை நிதிக்காக இரு அணிகளும் நட்பு ஆட்டம் ஒன்று ஆடின. அதன்பின் பதினொரு நாள் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியதை நாயிடம் சொன்னார்கள். நாய்க்கு அந்த வாரம் பசி மந்தமாக இருந்ததாக யூஜின் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

1986 ஜூன் மாதம், ஏரி லீக்கில் இரண்டு அணிகள் கலைந்துபோக, மஸ்கீஸ் பிரெய்ரி லீக்குக்கு மாறக்கூடும் என்ற செய்தி வந்தது. அணியின் உரிமையாளர் ரசிகர் சங்கத்தின் கருத்தைக் கேட்டிருந்தார். ஊர் இரண்டாகப் பிளந்தது. அணி மாற வேண்டும் என்பதில் டோரிஸுக்கு ஐயமே இல்லை. ஏரி லீக்கில் பிட்சர் பந்து எறிந்தால் போதும். அவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க வேறொருவர் உண்டு. இந்த விதி வந்த நாள் முதல் அதை எதிர்த்து லீக் அலுவலகத்துக்கு டோரிஸ் நாற்பத்தொரு கடிதங்கள் எழுதியிருந்தார். இரண்டுக்குப் பதில் வந்தது. அவற்றில் ஒன்று வேறு யாருக்கோ எழுதப்பட்டது. பிரெய்ரி லீக்கிலோ பிட்சரும் மட்டை பிடித்தே ஆக வேண்டும்.

"பிட்சர் கையில மட்டையைக் குடுக்கறது என் மாமியார் கையில டிராக்டரைக் குடுக்கற மாதிரி" என்றார் சங்கத் தலைவர் மெல் ஆகர்ட். அவர் தொத்திறைச்சிக் கடைக்காரர், மாற்றத்துக்கு எதிரி.

"உன் மாமியார் ஓட்டுவா மெல். ரெண்டு தடவை வேலியில மோதிட்டு, மூணாவது தடவை ஓட்டிடுவா. நம்ம பசங்க ஏறவே மாட்டேங்கறானுங்க" என்றார் டோரிஸ்.

வீட்டில் பேச்சு வேறு விதமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் தட்டின் முன்னால் யூஜின் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"கணக்குப் போட்டுப் பாத்தேன். உங்க டீம் அங்க வந்தா வருஷத்துக்குப் பன்னண்டு தடவை நம்ம ரெண்டு டீமும் மோதும்."

"தெரியும்."

"ஒரு தடவைக்கே பதினோரு நாள் ஆச்சு. பன்னண்டைப் பதினொண்ணால பெருக்கு."

"நூத்தி முப்பத்திரண்டு."

"நாய் செத்து எத்தனை வருஷமாச்சு? நான் யார்கிட்ட பேசறது?"

டோரிஸ் அன்றிரவு வழக்கத்துக்கு மாறாகத் தட்டுகளை இரண்டு முறை கழுவினார்.

நானும் உறுப்பினராக உள்ள எங்கள் ரசிகர் சங்கம் கூட்டத்துக்கென்று தனியே கூடுவதில்லை. ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸ் நடுவில், காலை உதறிக்கொள்ள எல்லோரும் எழுந்து நிற்கும் சில நிமிடங்களில்தான் தீர்மானங்கள் முடிவாகும். தலைவர் தீர்மானத்தை உரக்கச் சொல்வார். ஆதரிப்பவர்கள் நின்றபடியே இருப்பார்கள், எதிர்ப்பவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். தலைவர் எண்ணுவார், செயலாளர் எழுதுவார். முழங்கால் வலி காரணமாகச் சில தீர்மானங்கள் தோற்றிருப்பது உண்மை. எனினும் இதைவிட விரைவான மக்களாட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஜூலை 27 அன்று வந்திருந்த உறுப்பினர்கள் நாற்பத்தைந்து பேர். யூஜின் உறுப்பினர் அல்லர். ஹார்னெட்ஸ் தொப்பியோடு மனைவியின் பக்கத்து இருக்கையில் இருந்தார். மெல் பெஞ்சின் மீது ஏறி, "பிரெய்ரி லீக்குக்குப் போகணும்னு நினைக்கறவங்க நில்லுங்க, மத்தவங்க உட்காருங்க!" என்றார். பிறகு விரலை நீட்டி இருமுறை எண்ணினார்.

"நிக்கறது இருபத்திரண்டு. உட்கார்ந்திருக்கறது இருபத்திமூணு. தீர்மானம் தோத்துப்போச்சு. எழுதிக்க டோரிஸ்."

டோரிஸ் இருபத்திரண்டு என்று எழுதினார். அடுத்த எண்ணுக்கு வந்த பென்சில் நின்றுவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த இடைவேளையில் அவர் எழுந்து நின்றதே இல்லை. அதுவரை ஆன ஆறரை இன்னிங்ஸின் ஓட்ட எண்ணிக்கையைத் தம் நோட்டில் கூட்டிச் சரிபார்க்கும் நேரம் அது. அன்றும் அப்படித்தான் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்த இருபத்துமூன்றாவது ஆள் அவரே.

யூஜினுக்கும் அது புரிந்துவிட்டது. கடுகுச் சாந்து தடவிய தொத்திறைச்சியை டோரிஸ் பக்கம் நீட்டினார்.

"எழுதும்மா. மெல் சொன்னதைத்தானே எழுதற?"

"அவன் எண்ணினதுல நானும் இருக்கேன், யூஜின்."

"இருந்துட்டுப் போயேன். உட்கார்ந்துதானே இருந்த? பொய் ஒண்ணும் இல்லையே."

"கூட்டிக்கிட்டு இருந்தேன்."

"யாருக்குத் தெரியும்?"

"நோட்டுக்குத் தெரியும்."

யூஜின் குரலைத் தாழ்த்தினார். "பன்னண்டு ஆட்டம், டோரிஸ். நான் விளையாட்டுக்குச் சொல்லல. எனக்கு நிஜமாவே பயமா இருக்கு."

டோரிஸ் அவரை ஒருமுறை பார்த்தார். நோட்டை மூடாமலேயே எழுந்து நின்றார். அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது.

"உட்காருங்கம்மா, மறைக்குது!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"ஓட்டுப் போடறேன்யா, பொறு!" என்று டோரிஸ் திரும்பிக் கத்தினார். "மெல், திரும்ப எண்ணு!"

ஆதரித்தவர்கள் மறுபடி எழுந்தார்கள். மெல் எண்ணினார். முகம் சுண்டிப்போயிற்று. "இருபத்திமூணு, இருபத்திரண்டு. உன் புருஷன் பக்கத்துல இருக்கும்போதேவா?"

"அவரு உறுப்பினர் இல்லை. நீ சந்தா வாங்கிக்கிட்டா அவரும் போடுவாரு."

யூஜின் தொத்திறைச்சியைத் தாமே தின்று முடித்தார். ஆட்டம் முடிந்து, காரை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் பேசினார்.

"அவன் சொன்னதை எழுதிட்டு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தினமும் உன் மூஞ்சியைப் பாக்கும்போது அந்த எண்ணு ஞாபகம் வந்திருக்கும். அப்புறம் உன்மேல எரிஞ்சு விழுந்திருப்பேன். பன்னண்டு ஆட்டத்துக்கு மட்டும் இல்ல, வருஷம் பூரா."

யூஜின் கார்ச் சாவியை உருவினார். "அப்ப பன்னண்டே தேவலாம்" என்று சொல்லிக் கதவைத் திறந்தார்.

சங்கத்தின் கடிதம் உரிமையாளரின் மேசைக்குச் செல்வதற்கு ஆறு நாள் முன்பே அவர் பிரெய்ரி லீக்குடன் கையெழுத்திட்டிருந்தார் என்பது செப்டம்பரில் தெரியவந்தது. டோரிஸ் அதையும் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தம் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்கள். இரு அணிகளும் மோதும் நாளில் தோற்ற அணியின் ஆள் சமைக்க வேண்டும். வென்ற அணியின் ஆள் சீட்டியடிக்கக் கூடாது. சமையலைக் குறை சொல்லக் கூடாது. ஆட்டத்துக்கு இருவரும் ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்ப வேண்டும். கடைசி விதி யூஜின் சேர்த்தது: மூன்றாம் ஆள் வழியாகவோ விலங்கின் வழியாகவோ பேசுவது செல்லாது.

1987 பருவத்தில் மஸ்கீஸும் ஹார்னெட்ஸும் பன்னிரண்டு முறை மோதின. மஸ்கீஸ் வென்றவை மூன்று. மற்ற ஒன்பது நாளும் டோரிஸ் சமைத்தார்.