பாய் பெயரில் எழுதியவை

பாயை அடக்கம் செய்த நான்காம் நாள் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "நீங்கள் அனுப்பிய திருத்தம் நன்றாக இருக்கிறது. இரண்டு இடங்களை மட்டும் மாற்றி அனுப்பினால் சேர்த்துவிடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் பாயும் அடுத்தடுத்த நாற்காலியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தோம். பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்க ஓர் இலவச மென்பொருள் வைத்திருந்தோம். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். பிழை இருந்தால் திருத்தி, அதைப் பராமரிக்கும் ஜெர்மனிக்காரருக்கு அனுப்பலாம். எங்கள் பிரிண்டரில் கடைசி வரி மட்டும் ஏன் விழுவதில்லை என்பதை மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்தவர் பாய். "நம்ம எழுதுனது உலகம் பூரா ஓடப்போகுதுலே" என்று என் முதுகில் ஓர் அடி வைத்தார். மறு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேலைக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

அந்த இரண்டு இடங்களையும் நான்தான் மாற்றினேன். அவர் உழைப்பு வீணாகக் கூடாதென்று அவர் பெயரிலேயே அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஜெர்மனிக்காரர் அடுத்த பிழையைப் பற்றிக் கேட்டார். பாயாகவே பதில் எழுதினேன். இப்படியே எட்டு மாதம். மழையில் போன் லைன் அறுந்தது, மகளுக்குக் காய்ச்சல் என்றெல்லாம்கூட எழுதினேன். எழுத உட்கார்ந்தால் அவரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. பயமாக இருந்தது. விடவும் முடியவில்லை.

ஒருநாள் பாய் பெயருக்கு ஆபீஸ் முகவரியில் ஜெர்மனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. வாட்ச்மேன் அதை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். மறுநாள் பாயின் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், அதிலிருந்த கடிதத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, மகள் வாசிச்சுச் சொன்னா. காய்ச்சல் சரியாப்போச்சான்னு கேட்டிருக்கு. அவிய போயி எட்டு மாசமாச்சே, யாரு எழுதுனது?"

சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த எட்டு மாசமும் அவிய என்னென்ன எழுதுனாவன்னு வாசிங்க."

ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் சிரித்து, "இப்படித்தான் பேசுவாவ" என்றார். அது முழுக்க நான் இட்டுக்கட்டிய வரி. எல்லாம் முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும் தம்பி. அவிய இப்ப இல்லைன்னு எழுதிருங்க" என்றார்.

அவர் எதிரிலேயே உண்மையை எழுதி அனுப்பினேன். ஜெர்மனிக்காரர் இரண்டு வாரம் கழித்து ஒரே வரியில் இரங்கல் தெரிவித்தார். பிறகு எனக்கு அவர் எழுதவேயில்லை.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். நலம் விசாரித்தபின் என்னை ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பொறவு ஒங்க பாய் ஒண்ணும் எழுதலையா தம்பி?"


"இல்லைக்கா" என்றேன்.

"ஒண்ணுகூடவா?"