கன்னத்தில் வைத்த கை

சனிக்கிழமை காலை ஆயர் ஈத்தாம் பசாரில் கீரைக்கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டி சானாய் கடை ஜமால் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: "கோமளாக்கா தவறிட்டாங்க தங்கச்சி. தூக்கத்துலேயே போயிட்டாங்களாம்." கீரையை வாங்கவும் தோன்றவில்லை, திரும்ப வைக்கவும் தோன்றவில்லை.

நம்மில் பலருக்குக் கையை மீட்டுக் கொடுத்த பிசியோதெரபிஸ்ட் அவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பசாருக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் சிகிச்சை கொடுத்துவந்தார். போனவர்களுக்குத் தெரியும், முதல் நாள் கேள்வி கேட்டே நம்மைக் களைப்பாக்கிவிடுவார்.

ஜமால் அண்ணனுக்கு முழங்கை வலி வந்தபோது கோமளாக்கா கடைக்கே போய்விட்டார். அண்ணன் பரோட்டா மாதிரி ரொட்டி மாவை வீசுவதை நின்று பார்த்தது போதாதென்று, "நானும் ஒண்ணு வீசிப் பார்க்கிறேன்" என்று மாவை வாங்கியிருக்கிறார். மாவு அவர் மூக்குக் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வீசுறதுல கோளாறு இல்ல அண்ணே, மேசைதான் குட்டை. குனிஞ்சு குனிஞ்சு பிசையறீங்க" என்றாராம். மேசைக் கால்களுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தினார்கள். வலி மெல்ல அடங்கியது.

என் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. நான் மொழிபெயர்ப்பாளர். நாள் முழுக்கக் கணினிதான் சோறு போடுகிறது. இடது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போய், விசையைத் தொட்டேனா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. டைப் அடித்துக் கெட்டது என்று நானே முடிவுகட்டி, மணிக்கட்டுப் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பயம் வந்துவிட்டது. இந்தத் தொழிலை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

"கை மரத்துப்போச்சுக்கா" என்றுதான் அவரிடம் ஆரம்பித்தேன்.

"கைன்னா எந்த இடம்?"

"இடது கை."

"இடது கை தோள்பட்டையிலேயே ஆரம்பிச்சிடுது லா. நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் கைன்னு ஒரே சொல்லைச் சொல்லிடுறாங்க. நான் எங்கேன்னு தேடுறது? விரலால தொட்டுக் காட்டுங்க."

தொட்டுக் காட்டினேன். பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்த ரெண்டு விரலுக்குப் போற நரம்பு முழங்கை வழியா வருது. வீட்டுக்கு வந்து பார்க்கணும்" என்றார்.

வந்தார். விருந்தாளி இருக்கிறாரே என்று நான் பள்ளிப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அவர் கோப்பியைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தார். சிக்கலான ஒரு பத்தி வந்தது. அதைப் படித்து யோசிக்கத் தொடங்கியதும் அவர் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"அதான்" என்றார் திடீரென்று. வலது கை மௌஸை உருட்டிக்கொண்டிருந்தது. இடது முழங்கை மேசை விளிம்பில் ஊன்றியிருந்தது. உள்ளங்கை கன்னத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கன்னத்தில் கை வைத்தால் வீடு விளங்காது என்று என் அம்மா சாகும்வரை தட்டிவிட்ட கை அது. சொன்னேன். "அம்மா சொன்னது சரிதான், காரணம்தான் வேற" என்று கோமளாக்காவும் சிரித்தார். முழங்கையின் உள்பக்கக் குழியை லேசாகத் தட்டினார். சுண்டுவிரல் வரை சுள்ளென்று ஓடியது. "இங்க நரம்பு தோலுக்கு அடியிலேயே இருக்கு. மடக்கி ஊன்றினா நசுங்கும். உங்க கை வேலை செஞ்சு கெடல. நீங்க யோசிக்கும்போது கெட்டிருக்கு."

அதற்குப் பிறகு கைவைத்த நாற்காலி இல்லை, மேசை விளிம்பில் ஊன்றுவதில்லை. தூங்கும்போது முழங்கை மடங்காமலிருக்க ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டேன். நரம்புக்கான மெதுவான பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்தார். எப்போது குணமாகும் என்று நச்சரித்தபோதெல்லாம் ஒரே பதில்: "நரம்புக்கு அவசரம் கிடையாது. நீங்களும் அவசரப்படாதீங்க." எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் உணர்வு திரும்பியது, துளித்துளியாக.

நேற்று அவரை வழியனுப்பிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். என் விசைப்பலகையில் அகரமும் ஆகாரமும் இடது சுண்டுவிரலின் பொறுப்பு. 'அக்கா' என்று அடிக்க, முதல் 'அ'வுக்கும் 'கா'வின் ஆகாரத்துக்குமாக அந்த விரல் இரண்டு முறை இறங்க வேண்டும். அவர் என்னிடம் விட்டுப்போனது அந்த விரல்தான். இறங்குகிறது. விசையின் விளிம்புகூடத் தெரிகிறது, அக்கா.