முதல் வியாபாரமும் இங்கிலாந்து விருந்தாளியும்

1. மூக்கு

"மீன்கடைக்கு இனி இஞ்சை இடமில்லை" என்று சந்தை மேலாளர் ஹென்ரிக் சொன்னபோது நான் சால்மன் வெட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒஸ்லோவில் ஒரு பழைய சந்தை மண்டபத்துக்குள் எனக்கும் மனைவி ராஜிக்கும் சின்ன மீன்கடை. வடகோடியில் ஹம்மர்பெஸ்ட் ஊர் மீன் ஆலையில் விறைத்து விறைத்துச் சேர்த்ததெல்லாம் அதற்குள்தான் கிடந்தது.

ஹென்ரிக் நல்ல மனிதர். மூக்குத்தான் கொஞ்சம் பெரிய இடத்து மூக்கு.

"மணக்குது எண்டு முறைப்பாடு. எல்லாத்தையும் கோப்பிக்கடையாக்கப் போறம். இங்கிலாந்திலை ஒரு பட்டணத்துச் சந்தை மண்டபத்தை அப்பிடித்தான் திருத்தினவையாம். அங்கையிருந்து ஒருவர் வந்து கூட்டத்திலை அந்தக் கதையைச் சொல்லுவார். கேட்டிட்டு முடிவெடுப்பம்."

"கோப்பியிலை குழம்பு வைக்கேலுமோ எண்டு கேளுங்கோ" என்றாள் ராஜி. நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

2. வெறுங்கை

கூட்டத்தன்று காலை, கடை திறந்த கையோடு நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவர் வந்து மக்ரெல் மீனைக் காட்டி ஆங்கிலத்தில் விலை கேட்டார். சொன்னேன். "நல்லது" என்று நகரப் பார்த்தார்.

நாளின் முதல் ஆள் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துவிடும். எங்கள் ஆட்களின் கடைகளில் இது சட்டம். அதுவும் அன்றைக்கு விடுவேனா? வழியை மறித்தேன்.

"சேர், பாதி விலை."

"நான் ஹோட்டலிலை நிக்கிறன். மீனை வைச்சு என்ன செய்யிறது?"

"அது உங்கடை பாடு சேர். நீங்கள்தான் முதல் ஆள்."

அதற்குள் ராஜி பொதியை அவர் கையில் திணித்துவிட்டாள். மனுசன் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுத் தப்பியோடினார். ராஜி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கூட்டத்தில் இங்கிலாந்து விருந்தாளி எழும்பினார். கையில் எங்கள் பொதி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, துலைஞ்சம்" என்று ராஜி என் விலாவில் இடித்தாள்.

அவர் சொன்னார்: "எங்கடை மண்டபம் மூண்டு தலைமுறையாய் ஓடினது. மணக்குது எண்டு முதலிலை மீன்காரனை அனுப்பினம். மீனுக்கு வாற சனம் வராமல் நிண்டுது. பிறகு மரக்கறிக்காரன் போனான், இறைச்சிக்காரன் போனான். இப்ப முழுக்கக் கோப்பிக்கடை. ஒருத்தற்றை கோப்பியை மற்றவர் வாங்கிக் குடிக்கினம்."

சபை சிரித்தது. ஹென்ரிக் சிரிக்கவில்லை. விருந்தாளி பொதியைத் தூக்கிக் காட்டினார்.

"இண்டைக்கு ஒரு வியாபாரி என்னை வாங்காமல் போக விடேல்லை. இப்பிடி ஒருத்தன் இருந்திருந்தால் எங்கடை மண்டபம் செத்திராது."

எனக்குக் கண் கலங்கிப்போனது. பாதி விலை சொன்னதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கடை வைக்கப்போகும் இளம் ஆட்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: விளம்பரம், அலங்காரம் எல்லாம் பிறகு. முதலில் வந்தவரை வெறுங்கையோடு விடாதீர்கள்.

மறுநாள் கடை திறந்ததும் ஹென்ரிக் வந்தார். மீன்கடை இருக்கலாமாம், காற்றை வெளியே இழுக்கும் விசிறி மட்டும் பூட்ட வேண்டுமாம். சொல்லிவிட்டுத் திரும்பும்போது, பேச்சுவாக்கில், சால்மன் என்ன விலை என்று கேட்டார்.

ராஜி சத்தமில்லாமல் சுற்றிப் போய் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.